பழைய ஸ்போர்ட்ஸ் காரின் டேஷ்போர்டுக்கு எவ்வளவு வெளிச்சம் போதும்?

1962ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டன் எர்ல்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் இரண்டு புதிய திறந்த கார்கள் நின்றிருந்தன. ஒன்று எம்ஜிபி, மற்றொன்று ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். அதே மாதம் அமெரிக்காவின் சிராக்யூஸ் நகரில், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், நிக் ஹோலோன்யாக் என்ற விஞ்ஞானி சிவப்பு ஒளி தரும் எல்இடியை எரியவைத்துக் காட்டினார். நடைமுறைக்கு உதவக்கூடிய, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தந்த முதல் எல்இடி அதுதான். அந்தக் கார்களைக் கட்டியவர்களுக்கு இந்த விளக்கைப் பற்றி நினைக்க எந்தக் காரணமும் இருந்திருக்காது. இன்றோ அதே கார்களின் டேஷ்போர்டுக்குப் பின்னால் அந்த விளக்கின் பேரப்பிள்ளைகள் குடியேறிக்கொண்டிருக்கின்றன.

இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து 1980 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபிகள் வெளியே வந்தன. அவற்றில் ஏராளமானவை இன்னும் ஓடுகின்றன. அவற்றின் உரிமையாளர்கள் எஞ்சினைப் பற்றி அதிகம் முறையிடுவதில்லை. அந்த 1798 சிசி எஞ்சின் நம் அம்பாசடரில் இருந்த பி-சீரிஸ் எஞ்சினின் உடன்பிறப்பு, முரட்டு உழைப்பாளி. முறையீடு வேறிடத்தில் இருக்கிறது. இருட்டினால் மீட்டர் தெரிவதில்லை. முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து தேட வேண்டியிருக்கிறது. பழைய கார் உதிரிபாகக் கடைகளும் இணைய விற்பனையாளர்களும் இதற்குக் கையில் தயாராக ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள்: பழைய பல்புக்குப் பதில் அப்படியே திருகி மாட்டிக்கொள்ளும் எல்இடி.

அதை மாட்டுவதில் தவறில்லை. ஆனால் பெரும்பாலோர் அதை முதல் வேலையாகச் செய்கிறார்கள். அது கடைசி வேலையாக இருக்க வேண்டும். பழைய காரின் மீட்டர் மங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் பல்பு இல்லை. பல்பு வரை வந்து சேராத மின்சாரம்தான் காரணம். அதைச் சரிசெய்யாமல் பிரகாசத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், ஓட்டுநருக்கு டேஷ்போர்டு நன்றாகத் தெரியும், சாலை தெரியாமல் போகும்.

எம்ஜிபியின் மீட்டர்கள் ஸ்மித்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. கறுப்பு முகம், வெள்ளை எழுத்து. ஒவ்வொன்றின் முதுகிலும் உள்ள துளையில் ஒரு சிறிய பல்பு ஹோல்டர் அழுத்தி மாட்டப்பட்டிருக்கும். அதில் திருகி நிற்பது, கார்களுக்கு மின்பாகங்கள் செய்த லூகாஸ் நிறுவனத்தின் பட்டியலில் 987 என்ற எண் கொண்ட பல்பு: 12 வோல்ட், 2.2 வாட். பல்பின் ஒளி நேராக முகத்தின் மேல் விழுவதில்லை. மீட்டரின் உட்புறச் சுவரில் பட்டுச் சிதறி, ஓரத்தில் உள்ள இடைவெளி வழியாக வழிந்து வந்து எழுத்துகளைத் தொடுகிறது. சில ஆண்டுகளின் கருவிகளில் இடையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் வடிகட்டியும் உண்டு.

மின்சாரம் வரும் வழி நீளமானது. 1974 வரையிலான எம்ஜிபியில் பேட்டரி இருப்பது இருக்கைகளுக்குப் பின்னால்; அதுவும் ஒன்றல்ல, 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டு, தொடராக இணைக்கப்பட்டவை. அங்கிருந்து கிளம்பும் மின்சாரம் ஃபியூஸ் பெட்டி, விளக்கு சுவிட்ச், ஒளியைக் குறைக்கும் டிம்மர் என்று ஒவ்வொரு வாசலாகத் தாண்டி, வெள்ளைக் கோடு போட்ட சிவப்பு ஒயர் வழியாகப் பல்புக்கு வருகிறது. திரும்பிப் போவது மீட்டரின் உலோகக் கூட்டின் வழியாக. கூட்டிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் வண்டியின் உடலில் எங்கோ ஒரு திருகாணியின் அடியில் போய் முடிகிறது. எலக்ட்ரீஷியன்கள் எர்த் என்று சொல்வது அதைத்தான். அறுபது வருட ஈரத்தில் அந்தத் திருகாணியின் அடியில் துரு பிடித்திருக்கும். பித்தளை முனைகளில் களிம்பு ஏறியிருக்கும். ஃபியூஸ் பிடிகள் தளர்ந்திருக்கும். இப்படி ஒவ்வோர் இணைப்பும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட்டை விழுங்கிவிடுகிறது.

இழை பல்பு இந்த இழப்பைப் பொறுப்பதே இல்லை. அதன் ஒளி வோல்ட்டோடு சமமாகக் குறைவதில்லை. ஏறத்தாழ வோல்ட்டின் 3.4 மடி அடுக்கில் குறைகிறது. 10 விழுக்காடு வோல்ட் போனால் 30 விழுக்காடு ஒளி போய்விடும். 20 விழுக்காடு போனால் பாதி ஒளிகூட மிஞ்சாது. பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டும் மல்ட்டிமீட்டர், எரியும் பல்பின் இரு முனைகளுக்கு இடையே 10.5 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டே வோல்ட்தான் குறைவு என்று தோன்றும். வடிவமைத்தவர் கணக்குப்போட்ட ஒளியில் பாதியளவுதான் அங்கே எரிகிறது. போதாக்குறைக்கு, பழைய பல்பின் டங்ஸ்டன் இழை ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் கறுப்பாகப் படிந்து, மிச்ச ஒளியிலும் பங்கு கேட்கிறது.

இங்கிலாந்தின் கார் ரசிகர்கள் இந்தப் பழியை முழுக்க லூகாஸ் நிறுவனத்தின் தலையில் போட்டுவிட்டார்கள். பர்மிங்காமில் ஜோசப் லூகாஸ் தொடங்கிய நிறுவனம் அது. இருளின் இளவரசன் என்று அவருக்குப் பட்டம் கட்டி, லூகாஸ் சுவிட்சுக்கு மங்கல், மினுக்கல், அணைந்தது என்று மூன்று நிலைகள் உண்டு என்பார்கள். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐம்பது, அறுபது ஆண்டுகள் யாரும் கழற்றித் துடைக்காத இணைப்பு எந்த நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருந்தாலும் கெட்டுத்தான் போகும். இடைக்காலத்தில் ரேடியோவுக்கும் அலாரத்துக்கும் என்று ஒயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி வைத்தவர்களின் கைவரிசையும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது தூரத்துக் கதை இல்லை. ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் ட்ரையம்ஃப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் கொண்டு உருவானது. அதே ஹெரால்டு 1961 முதல் சென்னைக்கு வெளியே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டாகத் தயாரானது. அதே லூகாஸ், டிவிஎஸ் குழுமத்தோடு சேர்ந்து 1960களின் தொடக்கத்தில் பாடியில் தொழிற்சாலை தொடங்கியது. எம்ஜிபியின் டேஷ்போர்டில் நடக்கும் கோளாறு, ஒரு பழைய ஹெரால்டிலோ அம்பாசடரிலோ வேலை செய்து பழகிய ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்குப் புதிதாக இருக்காது. மீட்டர் மங்கல் என்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், அனுபவசாலி பல்பைத் தொடுவதற்கு முன் தனியாக ஒரு ஒயரை எடுத்து மீட்டரின் கூட்டையும் பேட்டரியின் எர்த் முனையையும் நேராக இணைத்துப் பார்ப்பார். பளிச்சென்று எரிந்தால் நோய் தெரிந்துவிட்டது.

எனவே முதல் கட்ட வேலைக்குச் செலவே கிடையாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, எர்த் முனைகளைப் பிரித்து, உப்புத்தாளால் தேய்த்து உலோகம் தெரியச் செய்து, மறுபடி இறுக்க வேண்டும். ஃபியூஸ் பிடிகளையும் பல்பு ஹோல்டரின் உட்புறத்தையும் அப்படியே. டிம்மரை இரு முனைக்கும் பல தடவை திருப்பினால் உள்ளே உள்ள கம்பிச்சுருளின் மேல் படிந்த அழுக்கு உரசிப் போகும். டிம்மர் என்று ஒன்று இருப்பதே தெரியாமல், அது குறைந்த நிலையில் கிடப்பதும் தெரியாமல், பல்பை மாற்றி மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. இதே பலகையின் பின்னால், பெட்ரோல் மீட்டருக்கு 10 வோல்ட் அளவில் மின்சாரம் கொடுக்கும் சிறிய வோல்ட் நிலைப்படுத்தி ஒன்றும் பல ஆண்டு மாடல்களில் இருக்கிறது. அதன் எர்த் கெட்டால் முழு வோல்ட்டும் மீட்டருக்குப் போய், டாங்கில் இல்லாத பெட்ரோலை முள் இருப்பதாகக் காட்டும். விளக்குக்காகக் கையை உள்ளே விடுபவர் அதையும் ஒருசேரத் துடைத்துவிடலாம்.

இரண்டாம் கட்டம் புதிய இழை பல்புகள், அதே 2.2 வாட். மூன்றாவதாக, மீட்டரைப் பிரிக்கத் தெரிந்தவர்கள் அதன் உட்புறச் சுவருக்கு வெள்ளைப் பெயின்ட் அடிப்பதுண்டு. ஒளி சுவரில் பட்டுத்தான் முகத்துக்கு வருகிறது என்பதால், மஞ்சள் பாய்ந்து அழுக்கேறிய சுவரை வெளுக்கவைப்பது ஒரு வாட்கூடக் கூட்டாமல் வெளிச்சத்தைக் கூட்டும் வழி. மீட்டரைப் புதுப்பித்துத் தரும் பட்டறைகள் இதைச் செய்துதருகின்றன. இவற்றை விட்டுவிட்டு 4 வாட், 5 வாட் பல்புகளைத் திணிப்பவர்கள் வேறொரு செலவைத் தேடிக்கொள்கிறார்கள். இழை பல்பு உண்ணும் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. மூடிய சின்னக் கூட்டுக்குள் அந்த வெப்பம் பிளாஸ்டிக் வடிகட்டியை வளைக்கும், முகத்தின் பெயின்ட்டைப் பொரியவைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் வெளிச்சம் போதவில்லை என்றால் எல்இடி வரட்டும். அதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. வெப்பம் குறைவு, ஆயுள் அதிகம், அதிர்வில் அறுந்துபோக இழை கிடையாது. டேஷ்போர்டுக்குக் கீழே தலைகீழாகப் படுத்து பல்பு மாற்றிய கழுத்துக்கு இதன் அருமை புரியும். மின்சாரம் மிச்சமாகும் என்று விற்பவர்கள் சொல்வதை மட்டும் கொஞ்சம் குறைத்துக் கேட்க வேண்டும். தொடக்க கால எம்ஜிபியின் சி40 டைனமோ தரக்கூடியது 22 ஆம்பியர். ஐந்து மீட்டர் பல்புகள் சேர்ந்து எடுப்பது ஒரு ஆம்பியருக்கும் குறைவு. முகப்பு விளக்குகளும் ஹீட்டர் விசிறியும் தின்பதற்கு முன்னால் இது கணக்கிலேயே வராது.

மாட்டியவுடன் வரும் சிக்கல்களை விற்பனைப் பெட்டிகள் அவ்வளவாகச் சொல்வதில்லை. முதலாவது திசை. இழை பல்பு எல்லாப் பக்கமும் ஒளியைத் தெளிக்கும். எல்இடியில் பல வகைகள் நேராக முன்னால் மட்டும் பாய்ச்சும். சுவரில் சிதறி வர வேண்டிய ஒளி ஒரே இடத்தில் குவிந்து, மணிக்கு 30 மைல் என்ற எண் ஜொலிக்கும், 70 இருட்டில் கிடக்கும். பக்கவாட்டிலும் ஒளி தரும் வகையையே தேடி வாங்க வேண்டும்.

இரண்டாவது மின்முனை. 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் நேர்முனைதான் வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. அதன் பிறகே இன்றைய வழக்கப்படி எதிர்முனைக்கு மாறியது. இழை பல்புக்கு மின்சாரம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஒன்றுதான். எல்இடி ஒரு பக்கத்திலிருந்து வந்தால் மட்டுமே எரியும். இன்றைய கார்களுக்காகச் செய்த எல்இடியை 1965 வண்டியில் திருகினால், பல்பு பழுது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக நேரிடும். பழுது எதுவும் இல்லை, முனை மாறியிருக்கிறது.

மூன்றாவது நிறம். வெள்ளை எல்இடி உண்மையில் ஒரு நீல எல்இடி. அதன் மேல் பூசிய பாஸ்பர் நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுவதால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. 1990களில் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நகமுரா பிரகாசமான நீல எல்இடியைச் செய்த பிறகே இது கைகூடியது. இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோருடன் அவர் 2014இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதும் நீல எல்இடிக்காகத்தான். இந்த வெள்ளையில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. ஆகவே சிவப்பு மூடிக்குப் பின்னால் வைத்தால் எச்சரிக்கை விளக்கு வெளிறித் தெரியும். இழை பல்பின் மஞ்சள் ஒளிக்காகத் தேர்ந்தெடுத்த பச்சை வடிகட்டியின் பின்னால் வைத்தாலோ, அந்தப் பழைய இளம்பச்சை போய் மருத்துவமனைச் சுவர் போன்ற ஒரு நிறம் வந்து நிற்கும். மூடி என்ன நிறமோ அதே நிற எல்இடியை வைப்பது, வெள்ளை வேண்டிய இடத்தில் சூடான வெள்ளை வகையை வைப்பது ஓரளவு கைகொடுக்கும்.

நான்காவதுதான் இருப்பதிலேயே பெரிது. பழைய டிம்மர் வெறும் கம்பிச்சுருள் மின்தடை. பல்புகள் இழுக்கும் கணிசமான மின்னோட்டத்தை நம்பித்தான் அது வோல்ட்டைக் குறைக்கிறது. எல்இடிகள் இழுப்பது அதில் சிறு பங்கு என்பதால் டிம்மரை எந்தக் கோடிக்குத் திருப்பினாலும் பெரிய மாற்றம் இருக்காது. மின்சாரத்தை வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கும் மின்னணு டிம்மர் ஒன்றைச் சேர்த்தால் இது தீரும். அதற்கான செலவை எல்இடி விலையோடு சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். பலர் டிம்மரைச் சுற்றி நேராக ஒயர் இழுத்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். குறைக்க முடியாத விளக்கை மேம்பாடு என்று சொல்ல முடியாது.

எச்சரிக்கை விளக்குகளைத் தொடுவதற்கு முன் இன்னும் கவனம் வேண்டும். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில், சாவி போட்டதும் எரியும் சார்ஜ் விளக்கு வெறும் அடையாளம் மட்டும் இல்லை. அதன் வழியாகப் போகும் சிறு மின்னோட்டம்தான் ஆல்டர்னேட்டரின் காந்தச் சுருளைத் தட்டி எழுப்புகிறது. 2.2 வாட் பல்பு அனுப்புவது ஏறத்தாழ 180 மில்லிஆம்பியர். எல்இடி அனுப்புவது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். ஆல்டர்னேட்டர் விழிக்காது, அல்லது எஞ்சினை உறுமவைத்த பிறகே விழிக்கும். இதைப் புரியாமல் நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் போட்டுப் புதிது வாங்க நேரலாம். அந்த ஓர் இடத்தில் இழை பல்பையே விட்டுவைப்பது புத்திசாலித்தனம். இல்லையென்றால் எல்இடிக்கு இணையாக ஒரு மின்தடை சேர்க்க வேண்டும். இடம், வலம் இரண்டுக்கும் ஒரே இண்டிகேட்டர் விளக்கு உள்ள சில வண்டிகளிலும் மோட்டார் சைக்கிள்களிலும் அந்த விளக்கு இரு பக்க ஒயர்களுக்கும் நடுவே இணைக்கப்பட்டிருக்கும். அங்கே சாதாரண எல்இடி ஒரு பக்கத்துக்கு மட்டும் மினுக்கும். ஹை பீம் எரிவதைக் காட்டும் நீலப் பொட்டில் எல்இடி வைப்பது இன்னொரு விபரீதம். ஹை பீம் தேவைப்படுவதே இருண்ட சாலையில்தான். அந்த நேரம் பார்த்து ஒரு நீல ஊசி கண்ணைக் குத்தும்.

கண்ணைப் பற்றிப் பேசாமல் இந்த விவாதம் முடியாது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் விழித்திரையின் கோல் செல்கள் முழுத் திறனுக்கு வர 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. வண்டி ஓட்டுபவரின் கண் அந்த எல்லை வரை போவதில்லைதான். முகப்பு விளக்கும் எதிரே வரும் வண்டிகளும் இடையிடையே அதைக் கலைத்துவிடுகின்றன. ஆனால் விளக்கில்லாத கிராமச் சாலையில், மூக்குக்கு நேர் கீழே ஒரு பளிச்சென்ற பலகை இருந்தால் கண் அந்த ஒளிக்குத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. சாலையோரம் நடக்கும் மனிதர் அதற்குத் தகுந்தாற்போல் இருட்டில் கரைந்துவிடுகிறார்.

கார் நிறுவனங்கள் இதை அறிந்தே இருந்தன. கோல் செல்கள் சிவப்புக்கு மிகக் குறைவாகவே வினைபுரிகின்றன என்பதால்தான் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்களிலும் நீர்மூழ்கிக் கப்பல்களிலும் சிவப்பு விளக்கு வைத்தார்கள். சிவப்புக்கும் ஒரு குறை உண்டு: வரைபடத்தில் சிவப்பு மையால் போட்ட கோடுகள் சிவப்பு வெளிச்சத்தில் மறைந்துவிடும். பிஎம்டபிள்யூ பல ஆண்டுகள் ஆரஞ்சு நிறத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. விமானம் செய்த நிறுவனத்திலிருந்து பிறந்த சாப், 1990களில் ஒரு பொத்தானைக் கொண்டுவந்தது. அதை அழுத்தினால் வேகத்தைக் காட்டும் மீட்டர் தவிர மற்றவை எல்லாம் அணைந்துவிடும். கோளாறு வந்தால் மட்டும் அந்தந்த மீட்டர் விழித்துக்கொள்ளும். எதிர்த்திசையில் போனது ஃபோக்ஸ்வாகன். நான்காம் தலைமுறை கோல்ஃபில் அது நீல விளக்கை வைத்தது, பார்க்க அழகு. ஆனால் கண்ணின் வில்லை நீல ஒளியை விழித்திரைக்குச் சற்று முன்னாலேயே குவித்துவிடும், கண்ணுக்குள் அது சிதறுவதும் அதிகம். அதனால் நீல எழுத்தின் விளிம்பு மசமசவென்று தெரியும். எல்இடி வாங்கும்போது நீலத்தையும் நீலம் கலந்த குளிர் வெள்ளையையும் ஒதுக்க இதுவே போதுமான காரணம்.

உரிமையாளரின் வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குச் சேரும் ஒளி 20 வயதுக் கண்ணுக்குச் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கண்மணி சுருங்கிவிடுகிறது, வில்லை மஞ்சளாகிவிடுகிறது. 1970இல் இளைஞராக எம்ஜிபி வாங்கி இன்றும் வைத்திருப்பவருக்கு மீட்டர் மங்கியதில் வண்டிக்கு ஒரு பங்கு, கண்ணுக்கு ஒரு பங்கு. அவருக்கு ஒளி கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்பது உண்மை. அதைவிட முக்கியம், கூச்சத்திலிருந்து மீள அவர் கண் எடுத்துக்கொள்ளும் நேரமும் கூடியிருக்கிறது. அவருக்குத்தான் குறைக்கக்கூடிய விளக்கு எல்லோரையும்விட அவசியம்.

அமெரிக்காவின் கூட்டாட்சி மோட்டார் வாகனப் பாதுகாப்பு விதி எண் 101 இதைச் சட்டமாகவே எழுதியிருக்கிறது. மீட்டர் விளக்குக்குக் குறைந்தது இரண்டு ஒளி நிலைகள் வேண்டும். அவற்றில் ஒன்று, இருட்டுக்குப் பழகிய ஓட்டுநரின் கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரியும் அளவுக்கு மங்கலாக இருக்க வேண்டும். அறுபது வயதுக் காரை யாரும் இந்த விதியை வைத்துச் சோதிக்கப்போவதில்லை. பிரிட்டனில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாத 40 வயது கடந்த வண்டிகளுக்கு ஆண்டுத் தகுதிச் சோதனையே கட்டாயம் இல்லை. அப்படியிருக்க, அந்த விதி சொல்லும் அளவை உரிமையாளரே தனக்கு வைத்துக்கொள்வதில் என்ன தடை?

பழைய டேஷ்போர்டு செய்துவந்த ஒரு காவல் வேலையை நவீன கார்கள் தொலைத்துவிட்டதும் இங்கே நினைவுகூரத்தக்கது. எம்ஜிபியில் பக்க விளக்கு போட்டால்தான் மீட்டர் விளக்கு எரியும். மீட்டர் இருட்டாக இருந்தால் வண்டிக்கு வெளியிலும் விளக்கு இல்லை என்று பொருள். பகலும் இரவும் ஒளிரும் திரைகள் வந்த பிறகு, பின் விளக்கு எரியாமலே நகரத்துக்குள் ஓட்டிப் போகிறவர்கள் பெருகினார்கள். கனடா அரசு இதற்காகவே விதியை மாற்றியது. 2021 செப்டம்பர் முதல் அங்கே வரும் புதிய வண்டிகளில், டேஷ்போர்டு ஒளிரும்போது பின் விளக்குகளும் எரிய வேண்டும். அல்லது இருட்டியதும் எல்லா விளக்குகளும் தாமாகவே எரிய வேண்டும். அதுவும் இல்லையென்றால், விளக்கு போடும்வரை டேஷ்போர்டு இருண்டே கிடக்க வேண்டும். மூன்றாவது வழி, 1962இன் வழி. ஆனால் பழைய கார்களில் எல்இடி பட்டை வைப்பவர்கள் சிலர், பகலிலும் அழகாக இருக்கட்டும் என்று அதை இக்னிஷன் ஒயரில் கோத்துவிடுகிறார்கள். ஒரு நாடு சட்டம் போட்டு மீட்டெடுத்த பாதுகாப்பை இவர்கள் பத்து நிமிட வேலையில் அறுத்துவிடுகிறார்கள்.

என் வண்டி, என் விருப்பம் என்பார்கள். நியாயம்தான், பழைய காரை வைத்துக் காப்பாற்றுகிறவருக்கு அந்த உரிமை உண்டு. பழமை கெடும் என்பது இங்கே பெரிய எதிர்வாதமும் இல்லை. திருகி மாட்டும் பல்பை நாளைக்கே கழற்றிவிடலாம். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா தன் டுரின் சாசனத்தில் கேட்பதும் ஏறக்குறைய அதுதான்: தவிர்க்க முடியாத மாற்றங்கள் மூலத்தைச் சிதைக்காமல் இருக்கட்டும், கழற்றிய பாகங்கள் பத்திரமாக இருக்கட்டும். ஒயரை வெட்டாமல், வடிகட்டியைப் பிய்க்காமல், டிம்மரைக் கழற்றி எறியாமல் செய்யும் எல்இடி மாற்றம் இந்த வரம்புக்குள் வசதியாக அடங்கும். வரம்பை மீறுவது பெரும்பாலும் அதற்குப் பிறகு நடக்கிற வேலைகள்: முகத்துக்குப் பின்னால் ஒட்டும் பல வண்ணப் பட்டைகள், துளையைப் பெரிதாக்க ஓட்டும் டிரில், புதிதாக அச்சிட்டு ஒட்டும் மீட்டர் முகங்கள்.

விற்பவர்களுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. எம்ஜிபிக்குப் பொருந்தும் என்று மட்டும் எழுதிய பெட்டி வாங்குபவருக்கு எதையும் சொல்வதில்லை. நேர்முனை எர்த் வண்டிக்கு ஆகுமா, ஒளி பக்கவாட்டில் பரவுமா, வெள்ளை எந்த வகை, பழைய டிம்மருக்கு அடங்குமா, சார்ஜ் விளக்கின் இடத்தில் போடலாமா என்ற ஐந்து விவரங்களை அச்சிட ஒரு விரல் அகலம் போதும். பழைய கார் மன்றங்கள் தங்கள் உறுப்பினர்களுக்காக இதைக் கேட்டு வாங்கித் தர வேண்டும். அது வரும்வரை, முழு செட்டையும் ஒரே நாளில் வாங்காமல் ஒரே ஒரு எல்இடி வாங்கி வேகமானியில் மாட்டிவிட்டு, பக்கத்து ஆர்பிஎம் மீட்டரில் புதிய 2.2 வாட் இழை பல்பை வைத்து, தெருவிளக்கு இல்லாத சாலையில் இரண்டையும் ஒருசேரப் பார்ப்பது நல்லது. எர்த்தைத் துடைத்து முடித்த வண்டியில் இந்தச் சோதனையைச் செய்பவர்களில் கணிசமானோர் இரண்டாவது எல்இடியை வாங்கப் போக மாட்டார்கள்.